துறைமுகத்துக்கு வைத்த குறி, யார்டில் விழுந்த குண்டு

நாகப்பட்டினம் ஸ்டேஷனில் இறங்கிக் கிழக்கே நடந்தால் கொஞ்ச நேரத்தில் கடல் வந்துவிடும். ரயில் அங்கே போனதே கடலுக்காகத்தான். 1861-ல் கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே நாகையிலிருந்து தஞ்சாவூருக்குப் பாதை போட்டது, மறு வருடம் அது திருச்சிவரை நீண்டது. நெல்லும் ஆட்களும் கப்பலேறிய ஊர். கப்பல் கரைக்கு வராமல் வெளியே நங்கூரம் போட்டு நிற்கும், சரக்கும் ஜனமும் படகில் போய் ஏறும். ஆகவே கிடங்கு, கரிக்குவியல், சரக்கு வேகன்கள், இன்ஜின் தண்ணீர்த் தொட்டி எல்லாம் கடற்கரைக்குப் பின்னாலேயே வரிசையாக இருந்தன.

பெரும்பாலான துறைமுக ஊர்களின் அமைப்பு இதுதான். முன்னால் கலங்கரை விளக்கம், அதன் பின்னால் கிடங்கும் எண்ணெய்த் தொட்டியும், அதற்கும் பின்னால் தண்டவாளம். கடலிலிருந்து சுடுகிற கப்பலுக்கு இவை மூன்றும் ஒரே நேர்கோட்டில் வரும். கப்பல் பீரங்கியின் குண்டு கிட்டத்தட்ட மட்டமாகப் பாயும். குறி கொஞ்சம் உயர்ந்தாலும் கலங்கரை விளக்கத்தைத் தாண்டிப் போய் ரயில் யார்டில் விழும். கடலோர ஊர்களில் நடந்த போர்த் தாக்குதல்களில் ரயில்வே தொழிலாளர்கள் மாட்டிக்கொண்டதற்கு முதல் காரணம் இது.

இரண்டாவது காரணம் இதைவிட முக்கியம். குண்டு விழும்போது மற்றவர்கள் ஓடலாம். ரயில்காரர் கையில் இருக்கிற வேலையைப் பாதியில் விட்டால் அதுவே இன்னொரு குண்டாகிவிடும். இதைப் புரிந்துகொள்ளாமல் 'விதி, அங்கே நின்றார், செத்தார்' என்று சொல்லிவிடுகிறோம். அது அவர்களுக்குச் செய்கிற அநியாயம்.

1914 டிசம்பர் 16 காலை. இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் ஹார்ட்டில்பூல், ஸ்கார்பரோ, விட்பி என்ற மூன்று ஊர்களை ஜெர்மன் கப்பல்கள் சுட்டன. ஹார்ட்டில்பூலில் எட்டு மணி தாண்டி ஆரம்பித்து ஏறத்தாழ 40 நிமிடம், ஆயிரத்துக்கு மேற்பட்ட குண்டுகள். கப்பல் பட்டறையும் எரிவாயு ஆலையும் ரயில் பாதையும் ஒன்றோடொன்று ஒட்டிய ஊர், வேலைக்கு ஆள் வந்துவிட்ட நேரம். அந்த ஓர் ஊரில் மட்டும் இறந்தவர்கள் 100 பேருக்கு மேல். விட்பியில் குறி வைத்தது குன்றின் மேலிருந்த கடலோரக் காவல் சிக்னல் நிலையத்துக்கு. தாண்டிப் போன குண்டுகள் பின்னால் பள்ளத்தில் இருந்த ரயில்வே பக்கம் விழுந்தன. அங்கே இறந்தவர்களில் ஒருவர் நார்த் ஈஸ்டர்ன் ரயில்வேயின் சரக்குகளைக் குதிரை வண்டியில் ஏற்றி இறக்கியவர். இன்ஜின் டிரைவரோ கார்டோ இல்லை, வண்டிக்காரர். ரயில்வே தொழிலாளர் என்றதும் நம் மனசில் வருகிற ஆட்களின் பட்டியல் மிகவும் சின்னது என்பதற்கு இதுவே சாட்சி.

அதே வருடம் செப்டம்பர் 22 இரவு ஒன்பதரை வாக்கில் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னையைச் சுட்டது நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். சுமார் 130 குண்டுகள். பர்மா ஆயில் கம்பெனியின் இரண்டு தொட்டிகள் எரிந்தன. சில குண்டுகள் துறைமுகத்தைத் தாண்டி ஊருக்குள் விழுந்தன, ஹைகோர்ட் சுவரிலும் ஒன்று பட்டது. பீச் லைனும் ராயபுரமும் அந்தத் துறைமுகத்தின் முதுகில்தான் இருக்கின்றன. அடுத்த நாட்களில் ஊரே ஸ்டேஷனில் கூடியது. ஓடுகிற ஜனத்தை ஏற்றிவிட ஆள் வேண்டும் இல்லையா? டிக்கெட் கொடுத்தவரும் கரி அள்ளிப் போட்டவரும் தண்டவாளம் பிரிகிற இடத்தில் பாயிண்ட் திருப்பியவரும் ஊரைவிட்டு ஓடாதவர்கள். எம்டனைப் பற்றி நூறு வருடமாகப் பேசுகிறோம், இவர்களைப் பற்றி ஒரு வரி பேசுவதில்லை.

இனி அந்த 'ஓட முடியாது' என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம்.

நீராவி இன்ஜின். மீட்டர் கேஜ் (ஒரு மீட்டர் அகலப் பாதை) இன்ஜினின் பாய்லரில் சதுர அங்குலத்துக்கு 160 முதல் 180 பவுண்டு அழுத்தம் இருக்கும். உள்ளே இருக்கிற தண்ணீர் 190 டிகிரி செல்சியஸை நெருங்கிய சூட்டில், அழுத்தத்தால் மட்டுமே தண்ணீராக நிற்கிறது. ஒரு துண்டு இரும்பு வந்து நீராவிக் குழாயைக் கிழித்தால் கண நேரத்தில் கேபின் முழுக்க ஆவி. ஆனால் டிரைவரும் ஃபயர்மேனும் விமானத் தாக்குதல் சங்கு ஊதியதும் குதித்து ஓடிவிடலாமா? கூடாது. நெருப்பு எரிந்துகொண்டே இருக்கும், தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். நெருப்புப் பெட்டியின் மேல்தகட்டுக்குக் கீழே தண்ணீர் இறங்கினால் தகடு பழுத்துவிடும். அங்கே பதித்த ஈயத் திருகு உருகி, ஆவி நெருப்பின் மேல் கொட்டும். அதுவும் வேலை செய்யாவிட்டால் பாய்லரே வெடிக்கும். ஆகவே இறங்குவதற்கு முன் செய்ய வேண்டியவை: டேம்பரை மூடிக் காற்றை நிறுத்துவது, இன்ஜெக்டரைத் திறந்து பாய்லரில் தண்ணீர் ஏற்றுவது, தண்ணீர் காட்டும் கண்ணாடியில் மட்டம் ஏறியதா என்று பார்ப்பது, நெருப்புக் கதவைச் சாத்துவது, கை பிரேக்கை இறுக்குவது. நிதானமாகச் செய்தால் மூன்று நான்கு நிமிடம். பக்கத்தில் குண்டு விழுந்த அதிர்ச்சியில் அந்தக் கண்ணாடிக் குழாய் உடைந்தால் அதுவும் ஆவியைப் பீய்ச்சும். அதன் இரண்டு திருகையும் மூடிவிட்டுத்தான் மற்ற வேலை. விமானம் வந்து போக மூன்று நான்கு நிமிடம் தாராளம். வெந்நீர்ப் புண்ணோடு ஆஸ்பத்திரிக்கு வந்த ஃபயர்மேன்களின் கதை இதற்குள் இருக்கிறது.

பாயிண்ட்ஸ்மேன் விஷயம் வேறு. கைகாட்டி மரம் கம்பியில் இழுக்கப்படுவது. கம்பி அறுந்தால் எடைக்கட்டையின் பாரத்தில் கை தானாக 'நில்' நிலைக்கு வந்துவிடும். பத்திரமான ஏற்பாடு, ஆனால் குண்டு விழுகிற யார்டுக்கு வெளியே ஒரு வண்டி ஜனத்தோடு நின்றுவிடும். அதை உள்ளேயோ பின்னாலேயோ நகர்த்த வேண்டும். சிக்னல் கேபினிலிருந்து பாயிண்டுக்குப் போகிற இரும்புக் கம்பி வளைந்திருந்தால் லிவர் நகராது. யாராவது ஒருவர் கைவிளக்கோடு தண்டவாளத்தின் மேல் நடந்து போய், பாயிண்டின் நகரும் நாக்குத் தண்டவாளத்தைக் கடப்பாரையால் நெம்பி, கிளாம்ப் போட்டு, பூட்டி, சாவியோடு திரும்பி வர வேண்டும். எல்லோரும் பள்ளத்துக்குள் படுத்திருக்கிற நேரத்தில் திறந்த வெளியில் நிமிர்ந்து நடக்கிற ஒரே ஆள் அவர்தான்.

எரிகிற வேகன் இன்னும் மோசம். சரக்கு ரேக்கில் (வரிசையாகக் கோத்த வேகன்களில்) ஒரு வேகன் பற்றிக்கொண்டால், அதற்கு முன்னும் பின்னும் கப்ளிங்கைக் கழற்றி, இருபக்கமும் வேகன்களை இழுத்து இடைவெளி உண்டாக்கணும். மீட்டர் கேஜில் நடுவில் ஒற்றை பஃபர், அதிலேயே கொக்கி. ரேக் இழுபட்டு நின்றால் கொக்கி இறுகியிருக்கும், இன்ஜின் ஒரு முழம் பின்னால் தள்ளித் தந்தால்தான் தூக்க வரும். தள்ளுகிற அந்த நொடியில் ஷண்டிங் ஆள் இரண்டு வண்டிகளுக்கு நடுவில் நிற்கிறார். டிரைவருக்கு அவர் விளக்கு தெரியணும். புகையில் தெரியாது.

கடைசியாக வருவது கேங், அதாவது பாதையைப் பராமரிக்கிற கூட்டம். குண்டு விழுந்த குழியை மூடி, ரயிலை ஓடவிடுவது இவர்கள் பாடு. காவிரிப் படுகை மாதிரி வண்டல் மண்ணில் இது சாமான்யமில்லை. மழைக்காலத்தில் நாலைந்து அடி தோண்டினாலே தண்ணீர் ஊறுகிற இடங்கள் இங்கே எத்தனையோ. குழி விழுந்த உடனே குளமாகிவிடும். அதே களிமண்ணைத் தள்ளி மூடினால் முதல் இன்ஜின் ஏறியதும் பாதை அமுங்கும். தண்ணீரை இறைத்து, மணலும் செங்கல் ஜல்லியும் கொட்டி, சிலீப்பர் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, அதன் மேல் தண்டவாளம் வைக்கணும். கஜத்துக்கு 50 பவுண்டு எடையுள்ள 36 அடித் தண்டவாளம் ஒன்று 600 பவுண்டு, அதாவது 272 கிலோ. எட்டுப் பத்துப் பேர் இடுக்கி போட்டுத் தூக்கணும். வரிசையாகக் குனிந்து தூக்கிக்கொண்டிருப்பவர்கள் மீது இரண்டாவது முறை விமானம் வந்தால் ஒருவர் மட்டும் கையை விட முடியாது. விட்டால் பக்கத்து ஆளின் கால் போகும். வெடிக்காமல் மண்ணில் புதைந்து கிடக்கிற குண்டும் இவர்கள் கடப்பாரைக்குத்தான் காத்திருக்கும்.

குண்டே விழாத இரவிலும் சாவு இருந்தது. விளக்கணைப்பு உத்தரவு வந்தால் யார்டு விளக்குகள் அணையும், கைவிளக்குக்கு மூடி போடுவார்கள், இன்ஜின் கேபினுக்கும் பின்னால் கரி வைக்கிற டெண்டருக்கும் நடுவே தார்ப்பாய் கட்டி நெருப்பு வெளிச்சத்தை மறைப்பார்கள். அந்தத் தார்ப்பாய்க்குள் டிரைவருக்கு வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே அடுப்புச் சூடு. இருட்டில் சத்தமில்லாமல் உருண்டு வரும் வேகன் பஃபரில் நசுங்கியவர், அடுத்த லைனில் வந்த வண்டியில் அடிபட்டவர் போரால் செத்தவர் இல்லையா? எங்களுக்கு அதில் சந்தேகமே இல்லை. சட்டம் வேறு மாதிரி சொன்னது. அதைக் கீழே சொல்கிறோம்.

இரண்டாம் உலகப் போரில் இந்தக் கதை நம் டெல்டா வீடுகளுக்கு வந்தது. நாகையிலிருந்து கப்பலேறிய தொழிலாளர்கள் எல்லோரும் ரப்பர் தோட்டத்துக்குப் போனதாகவே பேச்சு. மலாயா ரயில்வேயிலும் தமிழர்கள் நிறைய. நம் பாதையும் மலாயா, பர்மா, சயாம் (இன்றைய தாய்லாந்து) பாதைகளும் மீட்டர் கேஜ். தஞ்சாவூர்ப் பக்கம் கேங்கில் சம்மட்டி பிடித்தவருக்கு அங்கே அளவுகோல்கூட மாறவில்லை. (நாகைப் பாதை முதலில் அகலப் பாதையாகப் போட்டு 1870-களில் மீட்டராக மாற்றியது. இலங்கையில் பெரும்பாலும் அகலப் பாதை.)

1941 டிசம்பர் 11-ல் ஜப்பான் விமானங்கள் பினாங்கு ஜார்ஜ் டவுனில் குண்டு போட்டன. தெருவில் நின்று வேடிக்கை பார்த்த ஜனம் கொத்துக் கொத்தாகச் செத்தது. ஜார்ஜ் டவுனில் ரயில்வே கட்டிடம் உண்டு, தண்டவாளம் கிடையாது. அந்தக் காலத்தில் அங்கே டிக்கெட் வாங்கி, படகில் கடலைத் தாண்டி, அக்கரையில் பிறை ஸ்டேஷனில் வண்டி ஏற வேண்டியிருந்தது. ஆகவே 'பினாங்கு ரயிலில் வேலை' என்று வீட்டில் சொல்லக் கேட்டால் அவர் பிறையிலும் இருந்திருக்கலாம். உங்கள் வீட்டு ரயில்காரரைப் பழைய பதிவுகளில் தேடும்போது இரண்டு ஊரையும் பாருங்கள்.

டிசம்பர் 23-லும் 25-லும் ரங்கூன். துறைமுகத்தில் மூட்டை சுமந்த இந்தியத் தொழிலாளர்கள் ஏராளமானோர் இறந்தார்கள், மிஞ்சியவர்கள் ஊரைவிட்டு ஓடினார்கள், துறைமுகமே நின்றது. 1942 பிப்ரவரி 19-ல் ஆஸ்திரேலியாவின் டார்வின். படகுத்துறை மேலேயே தண்டவாளம் போட்டிருந்த ஊர். பக்கத்தில் நின்ற நெப்டியூனா கப்பல் வெடித்தது, துறையில் நின்ற இன்ஜினும் வேகன்களும் கடலுக்குள் போயின, துறைத் தொழிலாளர்கள் 20 பேருக்கு மேல் அங்கேயே மடிந்தார்கள். ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பு. விமான தளமும் ரயில்வே பட்டறையும் அடுத்தடுத்து இருந்த ரத்மலானையும் தப்பவில்லை. மறுநாள் காக்கிநாடாவும் விசாகப்பட்டினமும். விசாகப்பட்டினத்துத் துறைமுகத்தைக் கட்டியதே பெங்கால் நாக்பூர் ரயில்வே, 1933-ல் திறந்தது. துறைமுகத் தொழிலாளி, ரயில்வே தொழிலாளி என்று கோடு போட்டுப் பிரிக்க முடியாத இடம் அது.

மலாயா விழுந்த பிறகு ஜப்பானியர்கள் கிழக்குக் கரைப் பாதையில் மெந்தகாப்புக்கு வடக்கே தண்டவாளத்தைப் பிடுங்கிச் சயாம் பாதைக்குக் கொண்டுபோனார்கள். தமிழர்களும் சேர்ந்து பராமரித்த பாதை, தமிழர்களைக் கொன்ற பாதைக்குப் போனது. சயாமின் நோங் பிளாடுக் முதல் பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர், 1943 அக்டோபரில் முடிந்த மரண ரயில். காலராவும் பசியும் அடியும் கொன்றவர்களே அங்கே மிக அதிகம். பாதை முடிந்த பின்னும் பராமரிப்புக்கு நிறுத்தப்பட்டவர்கள் மீது 1944, 45-ல் நேச நாட்டு விமானங்கள் பாலத்துக்கும் யார்டுக்கும் போட்ட குண்டுகளும் விழுந்தன. காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்குக் கிட்டத்தட்ட 7,000 கல்லறைகள், பெரும்பாலானவற்றில் பெயர் பொறித்திருக்கிறது. அவர்களைவிடப் பல மடங்கு செத்த ஆசியத் தொழிலாளர்களுக்கு அப்படி வரிசைக் கல் இல்லை. திருச்சியில் ரயில்வே பட்டறை இருக்கிற பொன்மலையில் 1946 செப்டம்பர் 5-ல் சுடப்பட்ட ஐந்து தொழிலாளர்களுக்கு இன்றும் வருடா வருடம் அஞ்சலி நடக்கிறது, ஏனென்றால் சங்கம் பெயரை எழுதி வைத்தது. பெயர் எழுதி வைக்க ஆள் இருந்தால்தான் நினைவு நிற்கும்.

சரி, நஷ்ட ஈடு. தேடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளாமல் தப்பான கோப்புக் கட்டைப் புரட்டுகிறார்கள்.

இந்தியாவில் 1923-ம் வருடத் தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டம் 1924 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வேலையால், வேலை நேரத்தில் ஏற்பட்ட காயமென்றால் அதன்படி முதலாளி பணம் கட்ட வேண்டியிருந்தது. சாவென்றால் பணம் நேராக வீட்டுக்கு வராது, கமிஷனரிடம் கட்டப்பட்டு அவர் வாரிசுகளுக்குப் பிரித்துத் தருவார். 1941-ல் போர்க்காயங்கள் அவசரச் சட்டம் வந்தது. எதிரி போட்ட குண்டு, எதிரியை எதிர்த்துச் சுட்டபோது விழுந்த துண்டு, விழுந்த விமானம் மாதிரியானவற்றால் வந்த காயம் 'போர்க்காயம்'. அதற்கு நிவாரணம் அரசாங்கத் திட்டத்தில், பழைய சட்டத்தில் முதலாளியிடம் கேட்க முடியாது. 1943-ல் இன்னொரு சட்டம், போர்க்காயத்துக்கும் முதலாளியைப் பொறுப்பாக்கி, அந்தப் பொறுப்பை அரசிடம் இன்ஷூர் செய்ய வைத்தது.

இதனால் என்ன ஆகிறது என்றால், ஒரே யார்டில், ஒரே வாரத்தில், குண்டில் செத்த பாயிண்ட்ஸ்மேனும் விளக்கணைப்பு இருட்டில் வேகனில் நசுங்கிய பாயிண்ட்ஸ்மேனும் வேறு வேறு கோப்பில் போய்விடுவார்கள். முதலாமவர் போர்க்காயம். இரண்டாமவர் 1923 சட்டப்படி சாதாரண விபத்து. 'போரில் செத்தவர்' பட்டியலில் ஒரு பெயர் இல்லையென்றால் விபத்துக் கோப்பைக் கட்டாயம் பாருங்கள். மூன்றாவது வகையும் உண்டு: ரயில்வே ஆளாக இருந்து இந்தியன் இன்ஜினியர்ஸின் ரயில்வே கம்பெனியில் பட்டாளத்தில் சேர்ந்தவர். அவர் படைவீரர், காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் பட்டியலில் ரெஜிமெண்ட் எண்ணோடு கிடைப்பார்.

தேடுகிறவர்கள் சில தேதிகளைக் கையில் வைத்துக்கொள்ளணும். மலாயாவுக்கு உதவிப் பயணத்தில் (கப்பல் செலவைத் தானே கட்டாமல்) தொழிலாளர் போவதை இந்தியா 1938-ல் நிறுத்திவிட்டது, எனவே அந்த வழியில் கப்பலேறியவர் என்றால் தேதி அதற்கு முன். சவுத் இந்தியன் ரயில்வேயை 1944 ஏப்ரல் 1-ல் அரசு எடுத்துக்கொண்டது. அதற்கு முந்தைய சர்வீஸ் காகிதம் கம்பெனியின் பெயரில் இருக்கும், 'சதர்ன் ரயில்வே' என்று 1951-க்கு முன் எதிலும் இருக்காது. கப்பல் பதிவில் ஊர் 'நாகப்பட்டினம்' என்று இருந்தால் அதை அப்படியே நம்ப வேண்டாம். ஏறின துறையைச் சொந்த ஊர் என்று எழுதிவிடுவது சகஜம். மன்னார்குடிக்காரரும் பட்டுக்கோட்டைக்காரரும் அதில் நாகப்பட்டினம்தான். பெயரை விடத் தகப்பன் பெயர் நம்பகமானது. நாலு எழுத்து முறையிலாவது போட்டுப் பாருங்கள்: சுப்பையன், சுப்பையா, சுப்பன், சுப்ரமணியன் எல்லாம் ஒரே ஆளாக இருக்கலாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் வீட்டில் மிஞ்சியிருக்கிற பெரியவர்களிடம் கேளுங்கள். 'தாத்தா ரயிலில் இருந்தார்' என்பது போதாது, பதவிப் பெயர் அவர்களுக்கு ஞாபகம் இருக்காது. கையில் என்ன வைத்திருந்தார் என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். நீளமான பிடி போட்ட சம்மட்டி, தோளில் ஸ்பேனர் என்றால் சாவிக்காரர், தண்டவாளத்தின் ஆப்பும் போல்ட்டும் தளராமல் பார்ப்பவர். கடப்பாரையும் கூடையும் என்றால் கேங். இரண்டு கொடியும் மூன்று நிறக் கண்ணாடி போட்ட விளக்கும் என்றால் பாயிண்ட்ஸ்மேன் அல்லது கார்டு. பித்தளை விசில் இருந்ததா என்று அடுத்துக் கேட்டால் கார்டு பிரிந்துவிடுவார். அகலமான மண்வெட்டி, முன்கையில் சின்னச் சின்னச் சூட்டுத் தழும்பு என்றால் ஃபயர்மேன். எண் அடித்த பித்தளை வில்லை பெட்டியில் கிடந்தால் பட்டறைக்காரர். அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், மஸ்டர் ரோல் என்கிற வருகைப் பதிவேட்டில் பெயருக்கு முன்னால் வருவது அதுதான்.